விரலா, ஆக்சிமீட்டரா, டாப்ளரா? கை கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க எது போதும்

ராயபுரத்தில் தொடங்கி தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போனால் சின்னச் சின்ன நர்சிங் ஹோம்கள் நிறைய உண்டு. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அங்கெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி, “சிஸ்டர், கால்ல சர்குலேஷன் எப்படி இருக்கு?” பதில் சொல்ல நர்ஸுக்குச் சில வழிகள் இருக்கின்றன. விரல் வைத்து நாடி பார்க்கலாம். நகத்தை அழுத்திவிட்டு நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்க்கலாம். ஆக்சிமீட்டரைக் கால் விரலில் மாட்டலாம். கையடக்க டாப்ளர் இருந்தால் ரத்தம் ஓடும் சத்தத்தையே கேட்கலாம். கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுத்து ஓர் எண்ணாகச் சொல்லலாம். இவற்றில் எதை எப்போது நம்புவது, கொஞ்சம் பணம் ஒதுக்க முடிந்தால் எதை வாங்குவது என்பதுதான் இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரலுக்கு மாற்று கிடையாது. வாங்குவதென்றால் டாப்ளரை வாங்குங்கள். கால் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி “98, நார்மல்” என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆனால் மாவுக்கட்டு போட்ட கை காலுக்கு இவை எல்லாமே இரண்டாம்பட்சம். அங்கே முதலில் விசாரிக்க வேண்டியது வலியை.

எந்த வழி பொருந்தும் என்பது யார் வந்து படுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வடசென்னையில் முதலில் வருவது சர்க்கரைக் கால். சர்க்கரை நோய்க்கென்றே பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-ல் தொடங்கிய மருத்துவமனை ராயபுரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பாதத்தில் புண்ணோடு வருகிறவர்கள் முதலில் ஏறும் படி பெரும்பாலும் தெருமுனை கிளினிக்கின் படிதான். இரண்டாவது, அடிபட்டவர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளும் இருக்கும் இடத்தில் எலும்பு முறிவுக்கும் நசுங்கிய விரலுக்கும் பஞ்சமில்லை. ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது; அது இந்தப் பக்கத்தில் அமைந்தது பொருத்தம்தான். மூன்றாவது கூட்டத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை: நாற்பது வயதுகூட ஆகாத, பீடி விடாத ஆண்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது, நின்றால் சரியாகிறது என்பார்கள். சர்க்கரை இருக்காது, கொலஸ்ட்ராலும் சரியாக இருக்கும், கால் நாடி மட்டும் கிடைக்காது. கை கால் ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் பர்கர் நோய் இவர்களைத்தான் பிடிக்கும்.

சரி, விரலிலிருந்து தொடங்குவோம்.

பாதத்தின் மேல்பக்க நாடியைத் தேட, நோயாளியைக் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஒரு நரம்பு புடைத்துத் தெரியும் (உண்மையில் அது தசைநாண்). அதற்குச் சற்று வெளிப்புறம், பாதத்தின் நடுவாக்கில், இரண்டு மூன்று விரல்களை லேசாக வையுங்கள். அழுத்தினால் நாடி அமுங்கிப்போகும். இங்கே கிடைக்கவில்லை என்பதற்காகப் பதற வேண்டாம். நல்ல ஆரோக்கியமானவர்களிலும் நூற்றில் சிலருக்குப் பிறவியிலேயே இந்த நாடி கைக்குத் தட்டுப்படாது. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இருக்கும் நாடி அப்படியல்ல, அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் உள்கணுக்காலுக்குப் பின்னால் பாருங்கள் என்பேன். அங்கும் இல்லையென்றால் முழங்கால் மடிப்புக்கும் தொடை இடுக்குக்கும் போக வேண்டும். எந்த இடத்தில் நாடி நிற்கிறது என்பதைச் சொன்னால் அடைப்பு எங்கே என்று டாக்டர் பாதி கண்டுபிடித்துவிடுவார்.

கட்டைவிரலால் பார்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்காட்டி விரலிலும் நம் நாடியே நமக்குத் துடிக்கும் என்பதுதான் மறந்துபோகிறது, அதுவும் ஆறு மாடிப்படி ஓடி வந்த பிறகு. சந்தேகமாக இருந்தால் இன்னொரு கையை நோயாளியின் மணிக்கட்டில் வையுங்கள். இரண்டும் ஒன்றாகத் துடித்தால் அது அவருடைய நாடி.

விரலின் பெரிய பலம், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஒப்பிட முடிவது. இரண்டு கால்களையும் வெளியே எடுத்து, இரண்டிலும் கை வைத்து, “வலது பக்கத்தைவிட இடது பக்கம் குறைவு” என்று சொல்வதற்கு ஈடான தகவலை எந்த மெஷினும் அத்தனை சீக்கிரம் தராது. பலவீனம், அது ஆளுக்கு ஆள் மாறுவது. காலை டியூட்டி “நல்லா இருக்கு” என்று எழுதுவார், இரவு டியூட்டி “ஃபீபிள்” என்று எழுதுவார், காலில் ஒன்றும் மாறியிருக்காது. நாடியின் பலத்தை 2+ என்று எண்ணால் எழுதுவதிலும் வில்லங்கம் உண்டு. மூன்று வரை எண்ணும் அளவுகோலும் இருக்கிறது, நான்கு வரை எண்ணுவதும் இருக்கிறது. எது என்று வார்டில் ஒருமுறை முடிவு செய்து, “2+/4” என்று எதில் எத்தனை எனத் தெரியும்படி எழுத வேண்டும். ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பும்முன் நாடி கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால், திரும்பி வந்த பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு பலவீனம் இதைவிட முக்கியம். சர்க்கரை நோயாளியின் காலில் நாடி கிடைத்துவிட்டது என்பதற்காக ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. குறுகிய குழாயிலும் நாடி தட்டுப்படலாம். புண் இருக்கிறது, நாடி இருக்கிறது, ஆனாலும் புண் ஆறவில்லை என்றால் அடுத்த பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

நாடியோடு சேர்த்துப் பார்ப்பவை நிறமும் சூடும். பாடப்புத்தகங்கள் “வெளிறிய தோல், நீலம் பாய்ந்த தோல்” என்று எழுதுவது வெள்ளைத் தோலை வைத்து. நம் மாநிறத்தில், கறுப்பில், வெளிறல் சாம்பல் பூத்ததுபோல்தான் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண் மூன்றையும் பாருங்கள், மறு பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மருதாணியும் நகப்பூச்சும் அந்த வழியையும் அடைத்துவிடும். அப்போது நகத்தை விட்டுவிட்டு விரல் நுனியின் சதைப்பகுதியை அழுத்திப் பார்க்கலாம்.

சூட்டைப் புறங்கையால், முழங்காலிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்து பாருங்கள். எந்த இடத்தில் சில்லென்று மாறுகிறது என்பதுதான் குறிப்பு. சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் வார்டில் எல்லோர் காலும் சூடாகத்தான் இருக்கும். ஏசி ஐசியுவில் எல்லோர் காலும் சில்லிட்டிருக்கும். அதனால் ஒரு காலின் சூட்டுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம். சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போன காலில் இதுவும் ஏமாற்றும். ரத்தம் குறைவாகப் போகும் பாதமே வெதுவெதுப்பாக, மேலே நாளங்கள் புடைத்துத் தெரியும். கொரோனா காலத்து நெற்றி தெர்மோமீட்டர் துப்பாக்கியைக் காலுக்கு நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நெற்றியில் அளந்ததை உடம்பின் வெப்பமாக மாற்றிக் காட்டும்படி அமைத்தது. மேற்பரப்பு வெப்பத்தை அளக்கும் வசதி அதில் தனியாக இருந்தாலொழிய அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

நகத்தை அழுத்திப் பார்ப்பதற்கு ஐந்து வினாடியும் ஒரு விரலும் போதும். கையோ காலோ இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஐந்து வினாடி அழுத்தி, விட்டு, நிறம் திரும்பும் நேரத்தை எண்ண வேண்டும். இளம் வயதில் இரண்டு வினாடிக்குள் திரும்பும். பெரியவர்களில் மூன்று வரை விடலாம், வயதானவர்களுக்கு நான்கு வினாடியைத் தாண்டினாலும் அதுவே அவர்களுடைய இயல்பாக இருக்கலாம். குளிர் இன்னும் தாமதப்படுத்தும். ஆக, ஓர் ஆயாவின் கால் விரலில் நான்கு வினாடி என்பதை வைத்துக்கொண்டு தனியாக எதுவும் சொல்ல முடியாது. மற்றொரு காலில் இரண்டு, இதில் ஐந்து என்றால் சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு, இப்போது ஐந்து என்றால் ஓட வேண்டும்.

இந்தச் சாதாரணப் பரிசோதனை மெஷின்களை மிஞ்சும் இடம் ஒன்று உண்டு: துண்டாகி மீண்டும் சேர்த்துத் தைத்த விரல். அதில் வெளிறி, சில்லிட்டு, நிறம் மெதுவாகத் திரும்பினால் உள்ளே வரும் ரத்தம் நின்றிருக்கிறது. கருநீலமாகி, வீங்கி, அழுத்தி விட்டவுடன் மின்னலாக நிறம் திரும்பினால் வெளியே போகும் வழி அடைத்திருக்கிறது. “சீக்கிரம் திரும்புகிறது, அப்போ நல்லது” என்று இரண்டாவதைத் தவறாகப் படிப்பது எளிது. வழக்கத்தைவிட வேகமாகத் திரும்புவதும் ஆபத்துதான் என்பது புது சிஸ்டர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம்.

ஆக்சிமீட்டருக்கு வருவோம். எல்லா வார்டிலும் இருக்கிறது, வீடுகளில்கூட இருக்கிறது, அதனால்தான் சபலம். ஆனால் அது அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதை. எவ்வளவு ரத்தம் வந்து சேர்கிறது என்பதை அல்ல. மெட்ரோ வாட்டர் குழாயில் வரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று சோதித்துவிட்டு, குடம் நிரம்பும் என்று சொல்வதுபோல. பாதி அடைத்த காலிலும் 97 காட்டும். கைவிரலைவிடக் கால் விரலில் இரண்டு புள்ளிக்கு மேல் குறைந்தால், அல்லது காலை ஓர் அடி உயர்த்தியதும் அவ்வளவு குறைந்தால், சந்தேகப்படலாம் என்று சொல்லும் ஆய்வு உண்டு. எண் குறைவது ஒரு தடயம் என்று எடுத்துக்கொள்ளலாம். எண் நன்றாக இருப்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. கறுத்த தோலில் ஆக்சிமீட்டர் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதும் தெரிந்த சங்கதிதான்.

ஆனால் கையில் அது ஒரு நல்ல வேலை செய்யும். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்த பிறகு, இறுக்கும் பட்டை போட்டிருக்கும்போது, அலைவடிவம் காட்டும் மானிட்டரின் சென்சரைக் கட்டைவிரலில் மாட்டி, சுண்டுவிரல் பக்கத்து நாடியை மட்டும் அழுத்துங்கள். அலை தொடர்ந்தால் பட்டைக்கு அடியில் ரத்தம் ஓடுகிறது. நேர்கோடாகிவிட்டால் பட்டை அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறது அல்லது நாளம் அடைத்திருக்கிறது. இங்கே நமக்கு வேண்டியது அலை, எண் அல்ல. அலை காட்டாத சின்ன ஆக்சிமீட்டர் இதற்கு உதவாது.

மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும்முன் செய்யும் ஆலன் பரிசோதனையும் இதே யோசனையில் வந்ததுதான். கையை இறுக்க மூடச் சொல்லி, இரண்டு நாடியையும் அழுத்தி, விரித்ததும் வெளுத்த உள்ளங்கை, சுண்டுவிரல் பக்கத்தை விட்டவுடன் எத்தனை வினாடியில் சிவக்கிறது என்று பார்ப்பது. இதைச் சொன்னவர் எட்கர் ஆலன் என்ற டாக்டர். 1929-ல் அவர் இதைச் சொன்னது ஊசி போடுவதற்காக அல்ல, மேலே சொன்ன பீடிக்காரர்களின் பர்கர் நோயைக் கையில் கண்டுபிடிக்க. அதனால் கால் நாடி இல்லாத இளைஞர் வந்தால் கையையும் ஒருமுறை இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. டயாலிசிஸுக்காக நாளத்தையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் மட்டும் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், பிரஷரும் எடுக்கக் கூடாது. விரல் வைத்தால் அதிர்வு தெரிகிறதா, விரல்கள் சில்லிட்டு வலிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இப்போது டாப்ளர். வீங்கிய காலில், பருத்த காலில், பிரஷர் இறங்கிய நோயாளியிடம் விரல் தோற்கும் இடத்தில் இது ஜெயிக்கும். ஜெல் தடவி, புரோபை (மெஷினின் பேனா போன்ற முனை) தோலுக்கு 45 முதல் 60 டிகிரி சாய்வாக, ரத்தம் வரும் திசையைப் பார்த்து வைக்க வேண்டும். அழுத்தினால் நாளம் மூடிக்கொள்ளும், சத்தம் போய்விடும்.

சத்தம் கேட்டதும் “டாப்ளர் பாசிட்டிவ்” என்று எழுதிவிட்டு நகர்வதுதான் வழக்கம். அது போதாது. நல்ல நாளத்தில் ஒவ்வொரு துடிப்பும் இரண்டு மூன்று துண்டாக, படபடவென்று கேட்கும்: முன்னே ஓடும் ஓட்டம், சின்னதாகப் பின்வாங்கல், மறுபடி முன்னே. அடைப்பைத் தாண்டி வரும் ரத்தத்தில் அந்தத் துண்டுகள் போய், தாழ்ந்த குரலில் ஒரே “ஊஷ்” மட்டும் மிஞ்சும். காற்றடிப்பதுபோல நீண்டு, மூச்சோடு ஏறி இறங்கினால் நீங்கள் கேட்பது சிரையை, அதாவது ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாயை. இந்த மூன்றையும் காது பழகிக்கொள்ள ஒரு வாரம் எல்லா நோயாளிகளின் நல்ல கால்களிலும் கேட்டுப் பார்த்தால் போதும்.

அதே டாப்ளரோடு சாதாரணப் பிரஷர் கஃப் ஒன்று சேர்ந்தால் கணுக்கால் கணக்கு வந்துவிடும். நோயாளி ஐந்து பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இரண்டு கையிலும் டாப்ளரால் மேல் பிரஷர் எடுத்து, அதிகமானதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணுக்காலிலும் இரண்டு நாடியிலும் எடுத்து, அதிலும் அதிகமானதை வைத்துக்கொள்ளுங்கள். கையில் 140, காலில் 84 என்றால் 0.6. ஒன்றிலிருந்து 1.4 வரை இயல்பு, 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது, இடைப்பட்டது எல்லைக்கோடு. வேலை கால் மணி நேரம் இழுக்கும். எல்லா நோயாளிக்கும் முடியாது, வேண்டியதும் இல்லை.

யாருக்கு அவசியம்? காலில் ஆறாத புண் இருந்து, அதன்மேல் இறுக்கமான பேண்டேஜ் சுற்றலாமா என்ற கேள்வி வரும்போது. நாள்முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு, டீக்கடை மாஸ்டரிலிருந்து டிராஃபிக் போலீஸ் வரை, வெரிகோஸ் புண் வரும். அதற்கு மருந்தே இறுக்கக் கட்டுவதுதான். அதே கட்டை ரத்தம் வராத காலில் போட்டால் தோல் செத்துப்போகும். விகிதம் 0.8-க்கு மேல் இருந்தால் பொதுவாக முழு இறுக்கம் தாங்கும், 0.5-க்குக் கீழ் கட்டவே கூடாது, நடுவில் இருப்பதை ரத்தநாள டாக்டர் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு முடிவுக்காகவே டாப்ளர் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும் என்பது என் எண்ணம்.

இதுவும் பொய் சொல்லும், அதுவும் நமக்கு அதிகம் வரும் நோயாளிகளிடமே. நாட்பட்ட சர்க்கரையிலும் சிறுநீரகக் கோளாறிலும் நாளச்சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். கஃபால் அமுக்க முடியாததால் பிரஷர் எகிறும், விகிதம் 1.4-ஐத் தாண்டும், அல்லது கெட்ட கால் நல்ல எண்ணைக் காட்டும். அப்போது எண்ணை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். எண் 1.1, சத்தம் ஒற்றை “ஊஷ்” என்றால் சத்தம் சொல்வதே உண்மை. கால் கட்டைவிரலின் பிரஷரை அளப்பது இவர்களுக்குச் சரியான வழி, ஏனென்றால் விரல் நாளங்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. அதற்கு வேறு கஃபும் சென்சரும் வேண்டும், பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். விரல் பிரஷர் 30-க்குக் கீழ் வந்தால் அவசரம்.

மாவுக்கட்டு விஷயத்தை கடைசிக்கு வைத்தேன், காரணம் மேலே சொன்ன தரவரிசை அங்கே கவிழ்ந்துவிடும். கட்டுக்குள் தசை வீங்கி அழுத்தம் ஏறும்போது பெரிய நாளம் மூடுவது கடைசியில்தான். நாடி இருக்கும், நகம் சிவக்கும், ஆக்சிமீட்டர் 99 காட்டும், டாப்ளர் பாடும். உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். முதலில் தெரிவது வலி: அடிக்குத் தகாத வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, விரலை நாம் மெல்ல நீட்டிவிட்டால் துள்ளவைக்கும் வலி. பிறகு மதமதப்பு. “சிஸ்டர், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்று சொன்னால் அது புலம்பல் அல்ல. கையில் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லுங்கள், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்கச் சொல்லுங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். மூன்று நரம்புக்கும் மூன்று அசைவு. காலில் பாதத்தை மேலே தூக்க முடிகிறதா, கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். மூங்கில் பத்தை வைத்து நாட்டுக் கட்டு போட்டுவிட்டு இரண்டாம் நாள் வருகிறவர்களிடமும் இதே கேள்விகள்தான்.

சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிட்டுக் கட்டை முழுநீளத்துக்கும், உள்ளே இருக்கும் பஞ்சு வரைக்கும் பிளக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை காலைத் தலையணை மேல் உயர்த்தாதீர்கள், இதயத்தின் மட்டத்திலேயே வையுங்கள். உயர்த்தினால் வருகிற கொஞ்ச ரத்தமும் குறையும். ஆறு மணி நேரத்துக்குமேல் போனால் தசை திரும்பாது. மாடியிலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த குழந்தையிடம், கை சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தும் மணிக்கட்டு நாடி இல்லையென்றால், “கலர் நல்லா இருக்கே” என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மெட்டி, வளையல், மோதிரம், கணுக்காலில் கட்டும் கறுப்புக் கயிறு எல்லாம் வீக்கம் ஏறும்முன் கழற்ற வேண்டியவை. “மெட்டியைக் கழட்டிக் கையிலயே குடுத்துடறேன்மா, வீக்கம் வடிஞ்சதும் நானே போட்டு விடறேன்” என்றால் பெரும்பாலான அம்மாக்கள் சம்மதிப்பார்கள். வெட்டி எடுக்கும் நிலைமை வந்த பிறகு கேட்டால்தான் அழுகை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவ வார்டில் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும் டாப்ளர் பல நர்சிங் ஹோம்களில் ஏற்கெனவே இருக்கும். அதன் புரோப் 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ், ஆழத்தில் கேட்பதற்கானது. பாதத்து நாடிக்கு 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். சில மாடல்களில் புரோபை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள், புது மெஷினே தேவைப்படாமல் போகலாம். புதிதாக வாங்கினால் கடைக்காரரிடம் அங்கேயே உங்கள் காலில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் எண் வராவிட்டாலும் பரவாயில்லை, ஸ்பீக்கர் தெளிவாக இருக்க வேண்டும், ஹெட்ஃபோன் துளை இருந்தால் இரைச்சல் நிறைந்த வார்டில் உதவும். கணுக்காலுக்குச் சரியான அளவில் கஃப் ஒன்று சேர்த்து வாங்குங்கள். ஜெல்லையும் புரோபையும் ஒரே பையில் போட்டு, பையை ஐசியு அலமாரியில் பூட்டாமல் வார்டு டிராலியில் வையுங்கள்.